மெஷின் வாங்க முன்: மட்டக்குளிச் சீட்டுக் கூட்டாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கி முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது நீங்கள் சொன்னதைக் கேட்டு, அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து, கைக்கு வரும் இரண்டு சீட்டையும் போட்டு, மிச்சத்துக்குக் கடன் எடுத்து, பிரிண்டும் அடித்து வெட்டியும் தரும் ஒரு பெரிய மெஷின் வாங்கப்போகிறீர்கள். அடுத்த மாதம் முதல் கிழமை அட்வான்ஸ். உங்கள் முகங்களில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஒரேயொரு கேள்விக்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். எட்டு வருடமாக ஸ்டிக்கர் வெட்டிப் பிழைப்பவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

உங்களிடம் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஃபார்ம் வீதியிலும் அளுத் மாவத்தையிலும் காக்கைதீவுப் பக்கத்துத் தொடர்மாடிகளிலும் இதே யோசனையோடு இருப்பவர்கள் இன்னும் பலர். வீட்டை விட்டுப் போக முடியாது, பிள்ளைகள் சின்னது, வயதான மாமியார் இருக்கிறார், ஒரு மேசை போட இடம் இருக்கிறது என்றால் இந்தத் தொழில் கண்ணில் படத்தான் செய்யும். நல்ல தொழில்தான். அதனால்தான் தொடக்கத்திலேயே நீங்கள் கடனில் விழக்கூடாது என்று பயப்படுகிறேன்.

நான் கேட்ட அந்த ஒரு கேள்வி இதுதான். நீங்கள் அடிக்கும் ஸ்டிக்கர் எதில் ஒட்டப்போகிறது? "எல்லாத்திலயும்தான்" என்று பதில் வந்தது. மெஷினின் அகலம், வேகம், எத்தனை நிறம் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் எந்த மெஷின் என்பதைத் தீர்மானிப்பது ஸ்டிக்கர் ஒட்டப்படும் இடம். அது உலர்ந்த கேக் பெட்டியா, ஃப்ரிட்ஜில் வியர்க்கும் கப்பா, வெயிலில் நிற்கும் த்ரீவீலரின் பின்கண்ணாடியா?

எனக்கு இது விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய முதல் வருடம், நோன்பு மாதம். கொட்டாஞ்சேனையில் வட்டிலப்பம் செய்து விற்கும் ஒரு ராத்தா 300 ஸ்டிக்கர் கேட்டார். என்னிடம் இருந்தது சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர், மலிபன் வீதியில் வாங்கிய பளபளப்பான ஸ்டிக்கர் தாள். அடித்துப் பார்த்தபோது கடைச் சாமான் போலவே இருந்தது. மூன்றாம் நாள் ராத்தா ஒரு கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். ஃப்ரிட்ஜில் இருந்து வெளியே எடுத்ததும் கப்பில் வேர்த்த தண்ணீரில் பச்சை நிறம் கரைந்து, அவருடைய கடைப்பெயர் வடிந்து, தொட்டவர் விரலெல்லாம் மை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான்தான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மனுஷி தன் பெயரை முதன்முதலாக ஒரு கப்பில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தார் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

காரணம் எளிமையானது. வீட்டுப் பாவனைக்கு வரும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவை நிறங்களுக்குச் சாய மை பாவிக்கின்றன. சாயம் தண்ணீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். பிக்மென்ட் மை வேறு. அதில் நிறம் நுண்ணிய துகளாக இருக்கிறது, தாளின் மேல் பிடித்துக்கொண்டு நிற்கும், தண்ணீரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். சில பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் சாயம். கடையில் "வோட்டர்ப்ரூஃப்தான்" என்று சொல்லிக் கறுப்பு எழுத்தின் மேல் தண்ணீர் தடவிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். சிவப்பின் மேல் தடவச் சொல்லுங்கள்.

மையை மாற்றினால் மட்டும் போதாது. தாள் ஸ்டிக்கருக்கு மேலே லெமினேஷன் போட்டு வெட்டினால் மேற்பக்கம் பத்திரம், ஆனால் வெட்டிய விளிம்பு திறந்தே கிடக்கும். அந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் தாளுக்குள் ஏறும், இரண்டு நாளில் ஓரம் ஊதி எழும்பும். அச்சாறு போத்தலுக்கும் தயிர்ச் சட்டிக்கும் தாளை மறந்துவிட வேண்டும். பிளாஸ்டிக் அடிப்படை வேண்டும், பிபி ஷீட் அல்லது வைனல், அதில் பிக்மென்ட் மை, மேலே குளிர் லெமினேஷன். இதெல்லாம் ஏ4 ஷீட்டாகவே கிடைக்கிறது. பெரிய மெஷின் தேவையில்லை.

வெயிலில் நிற்பவை வேறு கணக்கு. உங்களில் ஒருவரின் தம்பி பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் த்ரீவீலர் ஸ்டிக்கருக்கு ஓடர் பிடித்துத் தருவதாகச் சொன்னாராம். அதற்குத்தான் நீங்கள் பார்த்துவைத்த மாதிரி மெஷின் சரி. ரோலண்ட் நிறுவனத்தின் பிஎன்-20 போன்றவை இக்கோ-சோல்வென்ட் மையை வைனலில் அடித்து, அதே இடத்தில் வைத்தே சுற்றி வெட்டித் தருகின்றன. 20 அங்குல அகலம், மேசையில் வைக்கலாம். லெமினேஷன் இல்லாமலே மழை வெயில் தாங்கும். அது நல்ல மெஷின் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் வீடுகளுக்கும் நம் ஓடர்களுக்கும் அது பொருந்துமா என்பதில்தான் சந்தேகம்.

முதலில் வீட்டைப் பாருங்கள். அந்த மெஷின் ஏறக்குறைய 36 கிலோ. வேலை செய்வதற்கு 20 முதல் 32 பாகை வெப்பமும் 35 முதல் 80 சதவீத ஈரப்பதமும் இருக்க வேண்டும் என்று அதன் கையேடு கேட்கிறது. களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஏப்ரல் மாதத்தில் தகரக்கூரை போட்ட மேலறையில் மத்தியானம் 32 பாகைக்குள் நிற்குமா? மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் தாள் கட்டு அப்படியே நெளிகிறது. ஏசி போடப்போகிறீர்களா? அப்படியானால் அந்தக் கரண்ட் பில்லையும் ஒரு ஸ்டிக்கரின் விலைக்குள் எழுதுங்கள்.

அடுத்தது, அது சும்மா இருக்க முடியாத மெஷின். "அம்மா தவணைக்குத் தையல் மெஷின் எடுத்துத்தானே எங்களைப் படிப்பிச்சா" என்று உங்களில் மூத்த அக்கா சொன்னது என் மனதைத் தொட்டது. என் அம்மாவும் அப்படித்தான். சிங்கர் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல். அன்றிலிருந்து எத்தனை வீடுகள் அந்தக் கறுப்பு மெஷினின் மேல் நின்றன என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் தையல் மெஷினை ஆறு மாதம் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடியும் ஓடும். மை மெஷின் அப்படி இல்லை. அடிக்காமல் விட்டால் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கும். அடைக்காமல் இருக்க மெஷின் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும், அதற்காக இரவும் பகலும் கரண்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு சுத்தத்துக்கும் மை செலவாகும். ஓடர் இல்லாத மாதத்திலும் அது சாப்பிடும். நத்தாருக்கும் பாடசாலை தொடங்கும் காலத்துக்கும் கல்யாண மாதங்களுக்கும் நமக்கு வேலை குவியும், மற்ற மாதங்களில் கை காய்ந்துபோகும். உங்கள் தொழிலும் முதல் வருடம் அப்படித்தான் போகும்.

மூன்றாவது விஷயத்தை மெஷின் காட்டியவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். அடித்ததும் அங்கேயே வெட்டுவதுதான் அந்த மெஷினின் பெருமை. ஆனால் கீறல் படாமல் இருக்க லெமினேஷன் போட வேண்டும் என்றால், ஷீட்டை வெளியே எடுக்க வேண்டும். இக்கோ-சோல்வென்ட் மை முழுதாக ஆவியாவதற்கு ஒரு நாளாவது விட வேண்டும். பிறகு லெமினேட் செய்து, மறுபடி உள்ளே செலுத்தி, மூலைகளில் அடித்த குறிகளை வாசிக்க வைத்துத்தான் வெட்ட வேண்டும். சின்னக் கட்டரில் நான் செய்வதும் இதேதான். அது வெட்டிக்கொண்டிருக்கும்போது பிரிண்டும் அடிக்காது. நான்கு பேர் பங்கு போட்டு வாங்கி, ஒருவர் வேலை முடியும் வரை மூன்று பேர் காத்திருப்பீர்கள். மனஸ்தாபம் அங்கேதான் தொடங்கும்.

ஆகவே நான் சொல்வது இரண்டு தனி மெஷின். ஒரு பிக்மென்ட் மைப் பிரிண்டர், ஒரு சின்னக் கட்டர். ஒன்று பழுதானாலும் மற்றது சோறு போடும். பிரிண்டர் பழுதான மாதம் நான் வெளியில் பிரிண்ட் எடுத்து வந்து வெட்டினேன். கட்டர் நின்ற கிழமை, பிள்ளைகள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து சதுர லேபிள் வெட்டித் தந்தார்கள். த்ரீவீலர் ஓடர் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. இக்கோ-சோல்வென்ட் பிரிண்ட் அடித்துத் தரும் கடைக்காரர்கள் சதுர அடிக் கணக்கில் காசு எடுப்பார்கள். உங்கள் கட்டரின் குறிகளோடு பிடிஎஃப் செய்து கொடுத்து, அடித்து வந்து வீட்டில் வெட்டலாம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: அளவு 100 சதவீதத்தில் இருக்க வேண்டும், தாளுக்குப் பொருத்துகிறேன் என்று 97 ஆக்கிவிடக்கூடாது. ஆக்கினால் குறிகள் இடம் மாறி, வெட்டு ஒரு பக்கமாக ஏறும்.

கட்டர் கண் இல்லாதவர் தடவிப் பார்ப்பதுபோலத்தான் வேலை செய்கிறது. மூலையில் இருக்கும் கறுப்புக் குறியை ஒரு சின்ன ஒளி உணரி தேடிப் பிடிக்கும். அதை வைத்துத்தான் படம் எங்கே என்று கணக்குப் போடும். லெமினேஷன் பளபளத்தால் குறி தெரியாது. மங்கலான செலோடேப் ஒரு துண்டைக் குறியின் மேல் ஒட்டுங்கள், பிடித்துவிடும். காலை வெயில் நேராக விழும் ஜன்னலோரம் மெஷினை வைக்காதீர்கள். நான் ஒரு மாதம் முழுக்கத் தாளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், திரைச்சீலை போட்டதும் சரியானது. எவ்வளவு நல்ல கட்டராக இருந்தாலும் அரை மில்லிமீற்றர் அங்கே இங்கே போகும். நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் நீட்டி அடித்தால் வெள்ளை விளிம்பு தெரியாது.

கட்டர் வாங்கும்போது பிளேடைத்தான் முதலில் கேளுங்கள். சில மெஷினுக்கு அதன் கம்பனி பிளேடு மட்டுமே போகும். சிலவற்றுக்கு ரோலண்ட் வகை என்று பொதுவாகச் சொல்லும் 45 பாகைப் பிளேடு போகும், அது பல கம்பனி மெஷின்களுக்குப் பொது. நான் இரண்டாவது வகையை எடுத்ததற்கு 2022தான் காரணம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். என் பழைய மெஷினின் பிளேடு எங்கேயும் இல்லை. புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மழுங்கிய பிளேடால் வெட்டி, அடித்தாள் வரை கிழிந்து, நல்ல ஷீட்டுகள் எத்தனை குப்பைக்குப் போயின! அந்த மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பாதி வெட்டில் நின்றால் மெஷின் தொடங்கிய இடத்தை மறந்துவிடும், அந்த ஷீட் போனது போனதுதான். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று பார்த்துப் பார்த்து விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி வெட்டினேன். சின்னக் கட்டரை ஒரு சாதாரண யூபிஎஸ்ஸில் போட்டு ஷீட்டை முடித்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

மென்பொருளையும் பாருங்கள். இணையம் இருந்தால்தான் எல்லா வேலையும் நடக்கும் என்றால், ரீலோட் முடிந்த இரவு உங்கள் தொழிலும் முடிந்தது. 2021 மார்ச்சில் கட்டர் மெஷின் செய்யும் கிரிகட் நிறுவனம், மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்கள்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாட்களிலேயே கைவிட்டது. நல்ல முடிவுதான். என்றாலும், நாம் முழுக்காசு கொடுத்து வாங்கிய மெஷினின் சாவி வேறொருவர் கையில் இருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

இனி எழுத்து. நம் ஊரில் ஸ்டிக்கர் என்றால் மூன்று மொழி. ஒரே அச்சாறு போத்தலில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் வரும். மெஷினோடு வரும் சில மென்பொருளில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். "கொத்தமல்லி" என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பிழையாக எழுதியது போல வரும். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் எழுத்து யூனிகோட். நம் அச்சகக்காரர் பலரும் வருடக்கணக்காகப் பாவிக்கும் பாமினி எழுத்துரு அது இல்லை. ஒன்றில் எழுதியதை மற்றதில் ஒட்டினால் குறியீடுகள்தான் வரும். நான் செய்வது இதுதான். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடில் தட்டுகிறேன், தமிழும் சிங்களமும் அதில் ஒழுங்காக நிற்கின்றன. பிறகு எழுத்தை வடிவமாக மாற்றிவிடுகிறேன். வடிவமான பிறகு அது எழுத்தில்லை, படம். எந்தக் கட்டரும் அதைக் குழப்பாது. மெஷின் பார்க்கப் போகும்போது கடைக்காரர் போட்டுக் காட்டும் பட்டாம்பூச்சியையும் பூவையும் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் பெயரைத் தமிழில் அடித்து வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் கொப்பி லேபிளுக்குக் கார்ட்டூன் உருவங்களை இணையத்தில் இருந்து எடுத்து விற்பதைப் பற்றியும் கதைத்தீர்கள். வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நமக்கும்தான். நம் தங்கச்சி ஒருத்தி அழகாகப் படம் வரைவாள் என்று எனக்குத் தெரியும். காக்கைதீவுக் கடற்கரையில் பட்டம் விடும் பிள்ளையை அவள் வரைந்தால் அதுவே உங்கள் லேபிள்.

இப்போது கணக்கு. என் கட்டரில் குறிகளுக்கு இடம் விட்டால் ஒரு ஏ4 ஷீட்டில் எனக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 18க்கு 25 சென்ரிமீற்றர். 5 சென்ரிமீற்றர் வட்டம் என்றால், மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, 12தான் வரும். 4.2 என்றால் 20. கேக் பெட்டிக்காரருக்கு இந்த எட்டு மில்லிமீற்றர் பெரிதாகத் தெரியாது, உங்களுக்கோ ஒரு ஷீட்டுக்கு எட்டு ஸ்டிக்கர் கூடுதல். ஷீட், மை, லெமினேஷன், பத்தில் ஒரு ஷீட் பழுதாகும் என்ற கணக்கு, பிளேடு, கரண்ட், 155 பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு, பிறகு உங்கள் கைக்கூலி. கைக்கூலியை எழுதாமல் விடும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. பின்தாளை உரித்து, கழிவை நீக்கி, எண்ணிப் பையில் போடுவது மெஷின் செய்யும் வேலையில்லை. 300 ஸ்டிக்கருக்கு அது ஒரு முழு மத்தியானம்.

கடனைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன், ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுதான். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூலிக்கும் மைக்ரோ கடனில் இந்த நாட்டுப் பெண்கள் பட்டது கொஞ்சமா? 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. மெஷின் ஓடினாலும் நின்றாலும் தவணை வரும். ஓடர் மாதத்துக்கு ஒரு மாதிரி வரும் தொழிலுக்குக் கிழமைத் தவணை ஒத்துவராது.

பின்தாளை உரித்ததும் தானே ஒட்டும் லேபிளை முதன்முதலில் வெட்டி விற்றவரும் பெரிய மெஷின் வாங்கித் தொடங்கவில்லை. 1935இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்டான் ஏவரி என்ற இளைஞர், தான் கட்டிக்கொள்ள இருந்த டொரதி டர்ஃபி என்ற ஆசிரியையிடம் 100 டொலர் கடன் வாங்கினார். சலவை மெஷினின் மோட்டரையும் தையல் மெஷினின் பாகங்களையும் சேர்த்துத்தான் தன் வெட்டும் மெஷினைக் கட்டினார். அந்தக் கம்பனிதான் இன்றைய ஏவரி டெனிசன், நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் லேபிள் செய்கிறது. தையல் மெஷின் பாகத்தில் தொடங்கிய தொழில் என்று முதலில் வாசித்தபோது நான் அம்மாவின் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

என் வேண்டுகோள் இதுதான். அட்வான்ஸை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். ஒரு சீட்டுக் காசில் பிரிண்டரும் கட்டரும் பார்ப்போம், மற்றச் சீட்டு அப்படியே இருக்கட்டும். அதுவரை என் மெஷின் இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து பிள்ளைகள் பாடசாலையால் வரும்வரை யார் வேண்டுமானாலும் வந்து வெட்டலாம், ஷீட்டும் மையும் மட்டும் உங்களுடையது. மூன்று மாதத்தில் வரும் ஓடரையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை, எதில் ஒட்ட, யாருக்கு. த்ரீவீலர், கடைக்கண்ணாடி என்று பக்கம் பக்கமாக நிறைந்தால் நானே உங்களோடு அந்தப் பெரிய மெஷின் கடைக்கு வருகிறேன், என் சீட்டையும் போடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் விற்க நினைக்கும் சாமானையே கையோடு கொண்டுவாருங்கள்: அச்சாறு போத்தல், கேக் பெட்டி, தயிர்ச் சட்டி, எதுவானாலும். மூன்று வகை ஷீட்டில் அடித்து ஒட்டி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்போம். ஞாயிறு பூசை முடிந்து வந்து எடுத்துப் பார்ப்போம். ராத்தாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய இப்போதைய கப் ஸ்டிக்கரும் என்னுடையதுதான், வட்டிலப்பமும் கொண்டுவருவதாகச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் சீட்டுக் கூட்டாளி,
மட்டக்குளி, கொழும்பு 15